பதினான்காம் பக்கத்தில் நான் எழுதியது

அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டு பிரதிகள் இன்னும் என் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கின்றன. வழவழப்பான தாள், நல்ல அச்சு, இருபத்திரண்டு பெண்களின் கதை. ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு படம். எழுதியது நான்தான். அட்டையில் என் பெயர் இல்லை. அப்போது அது எனக்குப் பெரிய மனக்குறை. இப்போது அதுதான் ஒரே ஆறுதல்.

பதினான்காம் பக்கத்தில் இருப்பவரை ஊரில் எல்லாரும் சாவி அக்கா என்பார்கள். அவரைப் பற்றி அங்கே அச்சாகியிருப்பதில் பாதி உண்மை, மீதி என் கைச்சரக்கு. யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே சுகமாக உட்கார்ந்து நானே எழுதியது. அதை மறைத்துவிட்டு அவர் கதையை மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாவி அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மழை ஏமாற்றுகிற பூமியில். பத்து வயதில் இடுப்பில் ஏறிய குடம் முப்பத்தெட்டு வயதுவரை இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் போனார். இரண்டு நடை தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போவதற்குள் அங்கே பாதி நாள் முடிந்திருக்கும். "எனக்குப் படிப்பு ஏறலன்னு யாரும் சொல்ல முடியாது மேடம். நானும் படிப்பும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே இல்ல" என்று சிரிப்பார்.

வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, கல்லை அள்ளி மேலே ஏற்றுகிற வேலை. சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார், "இனிமே உனக்கு என்ன கவலை, மாப்பிள்ளை கையிலயே கிணறு இருக்கு" என்று கேலி பேசி அனுப்பினார்களாம். மனிதர் முப்பத்தொரு கிணறு வெட்டினார். முப்பதில் தண்ணீர் வந்தது. வராத ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் வெட்டியது. "எனக்குன்னு வாய்ச்சது அவ்வளவுதான்" என்று அக்கா அதற்கும் சிரிப்பார். அந்தக் குழியில் இப்போது ஒரு முருங்கை நிற்கிறது.

முப்பத்திரண்டாவது கிணற்றில் வெடி முந்திக்கொண்டது. அவர் கயிற்றைப் பிடித்துப் பாதி ஏறியிருந்தார். உயிர் பிழைத்தது. இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் ஓங்கிச் சொன்னால் விழும். காதோடு நிற்காமல் கால் நிதானமும் போனது. காதுக்குள் ஏதோ ஒன்றுதான் ஆளை நிமிர்த்தி நிறுத்துகிறது என்று டாக்டர் விளக்கினாராம். தலையைச் சட்டென்று திருப்பினால் அவருக்குத் தரை சுற்றும். காலை அகட்டி வைத்து, கிடைத்த சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத்தான் நடப்பார். காது கேளாதவர் பேச்சு எப்போதும் ஒரு படி சத்தமாக இருக்குமே, அதுவும் உண்டு.

இதெல்லாம் அந்தத் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். நாலு வருடம் அந்தத் தெருவுக்கு ஸ்கூட்டரில் போய்வந்தேன். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

எங்கள் தொண்டு நிறுவனம் அந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தது. நாலு தெரு, நாலு வால்வு. திறந்து மூட ஒரு ஆள் உயர இரும்புச் சாவி. முதலில் ஒரு மளிகைக் கடைக்காரரின் தம்பிதான் திறந்துகொண்டிருந்தார். கடிகாரம் பார்த்துத் தெருவுக்கு அரைமணி நேரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டுத் தெருவில் முதல் பத்து வீட்டைத் தாண்டுவதற்குள் அரைமணி ஓடிவிடும். கடைசி வீடுகளில் குழாய் இருமிவிட்டு அடங்கும். பெண்கள் குழு கூடிப் பேசி, இனி நம்மில் ஒருவர் திறக்கட்டும் என்று சாவி அக்காவைத் தேர்ந்தெடுத்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேரப் பதிவேடு எழுத வேண்டும், அவருக்குக் கையெழுத்தைத் தவிர எழுத வராது. "பொருத்தமற்றவர்" என்று என் அழகான கையெழுத்தில் மேலாளருக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். சாவியை எடுத்து வந்து அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். கடைக்காரரின் தம்பி காலையில் எடுத்துப்போய்த் திறந்து மூடிவிட்டுக் கொண்டுவந்து வைக்கிற நேரம் தவிர, இரண்டு மாதம் அது அங்கேயே நின்றது. பெண்களை முன்னேற்றுவது என் உத்தியோகம். ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாவியைக் காவல் காத்ததும் நான்தான்.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் தள்ளாடி வந்தார். பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு நீங்க?" என்றேன்.

"சாவியை அவகிட்ட குடுங்கம்மா! அவ பார்த்துக்குவா!" என்று கத்தினார்.

"யாருன்னு கேட்டேன்."

"எழுதறதுதானே? அதுக்கு வேற ஆள் இருக்கு! தண்ணி விடறதுக்கு எழுத்து எதுக்கு?"

கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. காலை பத்து மணிக்கே இப்படியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவலாளியைக் கூப்பிட்டு, "கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுங்க" என்றேன். அவர் போகும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார். குடித்தால் மரியாதையும் கூடும்போல என்று பக்கத்து மேசையில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்து என் அறையில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். சாவியை வாங்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். சாயங்காலம் பூட்டுகிற நேரத்தில் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை ஊரே சொல்லும். சாவி அக்கா கடிகாரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். தெருவைத் திறந்துவிட்டு, நேராக அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு நடப்பார். அங்கே வரிசையில் இருக்கிற கடைசிக் குடம் நிரம்புகிறவரை நிற்பார். நிரம்பியதும் திரும்பி வந்து மூடுவார். அவ்வளவுதான் அவருடைய சட்டம். மேட்டுத் தெருவுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும், பள்ளத் தெருவுக்கு இருபது நிமிடம் போதும். யாராவது முணுமுணுத்தால், "வா, கடைசி வீட்டுக்கு வந்து என்கூட நில்லு, நின்னுட்டு அங்க பேசு" என்பார். போய் நின்றவர் யாரும் அப்புறம் முணுமுணுத்ததில்லை.

அக்காவுக்குக் குழாய்கள் பழகும்வரை, முதல் மூன்று மாதம் வீட்டுக்காரரும் கூடவே போனார். காது கேட்காதவருக்கு உள்ளங்கை பேசும். குழாய்மேல் கையை வைத்தால் தண்ணீர் போகிறதா, காற்று போகிறதா, எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவார். அவர் கை வைத்த இடத்தைத் தோண்டினால் கசிவு இருக்கும். இருவரும் விடியற்காலையில் போகிற அழகே தனி. முன்னால் அக்கா சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் அவர் சுவர் சுவராகத் தொட்டுக்கொண்டு.

இதில் ஒரு வரிகூட பதினான்காம் பக்கத்தில் இல்லை. ஏனென்றால் அதற்கெல்லாம் புத்தகத்துக்காக அலுவலகம் கொடுத்த படிவத்தில் கட்டம் கிடையாது.

படிவத்தில் மூன்றே கட்டங்கள். அன்று, தடை, இன்று. "அன்று" கட்டத்தில் குடத்தை எழுதினேன். "இன்று" கட்டத்தில் சாவியை எழுதினேன். "தடை" கட்டம் காலியாக என்னைப் பார்த்தது. மற்ற பக்கங்களில் எல்லாம் ஏதாவது ஒரு கணவர் அந்தக் கட்டத்தில் இருந்தார். இவருக்கும் ஒருவர் இருக்கிறாரே, நானே கண்ணால் பார்த்தேனே. "குடிக்கு அடிமையான கணவர். அடியும் உதையும் அன்றாடம். மனைவி நாலு பேர் மத்தியில் நிற்பதைப் பொறுக்காதவர்" என்று எழுதினேன். தள்ளாட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். அடியும் உதையும் எங்கிருந்து வந்தது என்றால், வாக்கியம் ஓட்டமாக வந்தது, அதோடு வந்துவிட்டது. என் எழுத்து நெஞ்சைத் தொடுகிறது என்று அலுவலகத்தில் நல்ல பேர்.

படமும் நானே தேர்ந்தெடுத்தேன். அக்கா சாவியோடு முன்னால் நிற்கிறார். பின்னால் மங்கலாக வீட்டுக்காரர் சுவரில் கை ஊன்றி நிற்கிறார். கதைக்கு வாகாக இருந்தது.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு எனக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. "அன்று" கட்டத்தைப் படித்தேன், "இன்று" கட்டத்தைப் படித்தேன். நடுக்கட்டத்தைத் தாண்டிவிட்டேன். அக்கா நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்தது. அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இருவருக்கும் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். யார் வந்தாலும் எடுத்துப் பிரித்து, "பின்னால நானும் இருக்கேன் பாரு" என்று காட்டுவாராம். படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேர் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வார்கள்?

பிறகு பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். பண உதவி செய்கிறவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள், மற்ற மாவட்டத்து அதிகாரிகள். எல்லாரும் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். முதல் முறை வந்த அம்மாள் ஒருவர், "உங்கள் கணவர் குடித்துவிட்டு அடிப்பாராமே, எப்படித் தாங்கினீர்கள்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இவரா? இவரா மேடம் என்னை அடிச்சாரு? இவரு குடிக்கவே மாட்டாரே!"

"அப்ப அந்தத் தள்ளாட்டம்?"

"வெடியில காது போன நாள்லேர்ந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

என் தப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மைதான். ஆனால் அடுத்த நிமிடமே என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அக்கா, புத்தகத்துல அச்சாயிடுச்சு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சமாளிங்க. இவங்க மனசு வச்சாத்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கற குடிசைகளுக்குக் குழாய் போகும்."

ஓடைக்கு அந்தப் பக்கம் அறுபது வீடுகள் இருந்தன. அங்கே பெண்கள் இன்னும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அக்கா சற்று நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்தவர்களுக்காக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, தடுமாறி, சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா அந்த அம்மாளிடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மெதுவான குரலில், ஆமாம், அடிப்பார் என்றார்.

ஒரு நாள் மட்டும் என்றேன். பதினொரு குழு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அக்கா பேசப் பேசத் தலையை ஆட்டுவார். வந்தவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவர் கும்பிடுவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் குழாய் போனது. புதிதாக ஒரு மோட்டார் அறையும் கட்டினார்கள். அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மோட்டார்மேல் கை வைத்தே அதன் நலத்தைச் சொல்லுகிற ஆள் அவர்தான் என்று குழு ஒரே குரலில் சொன்னது. வெடிக்குப் பிறகு எட்டு வருடமாக அவருக்கென்று ஒரு வேலை இல்லை. மனைவி சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போவதைக் கட்டிலிலிருந்து பார்க்கிற மனிதர். விஷயம் கேள்விப்பட்டதும் முடி வெட்டிக்கொண்டு வந்தார் என்றார்கள்.

வேலைக்கான பெயர்ப் பட்டியலை மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"யாரு, பதினாலாம் பக்கத்து ஆளா? நீங்கதானேம்மா குடிகாரர்னு எழுதினீங்க? அவர் கையில மோட்டாரைக் குடுக்கச் சொல்றீங்க?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். சார், நான் எழுதினது பொய். ஐந்து நொடி வேலை. என் நாக்கு அந்த வாக்கியத்தை எடுத்தது, பார்த்தது, கீழே வைத்துவிட்டது.

"இப்ப விட்டுட்டார் சார்" என்றேன்.

மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அப்படியா! இது அதைவிடப் பெரிய கதையாச்சே. மனைவியால திருந்தின மனுஷன்! அடுத்த மாச விழாவுல அவரே மேடையேறிச் சொல்லட்டும். வேலையையும் அங்கேயே அறிவிச்சிடலாம். இரண்டாம் பதிப்புல நீங்களே எழுதுங்க."

ஒரு பொய்யைச் சரிசெய்யப் போய் இன்னொன்றுக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுஷனுக்கு வேலை கிடைக்கிறதே, நாலு வார்த்தை மேடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. அக்காவிடம் தனியாகப் பேசி, அக்கா வழியாகச் சொல்ல வைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

சாயங்காலம் போனபோது அக்கா இல்லை. மேட்டுத் தெருக் கடைசி வீட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். அவர் கட்டிலில் இருந்தார். எதிர் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் தானியம் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா! வேலை விஷயம்தானே? முடிஞ்சுதா?" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"கிடைச்ச மாதிரிதான் அண்ணே. ஒரு சின்ன விஷயம் மட்டும்..." என்று அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல. இந்தக் காதுல சொல்லுங்க."

வலது பக்கம் போய்ச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். அதற்கும் துப்பில்லை. கத்தினேன். "குடிக்கறதை விட்டுட்டேன்னு நீங்க மேடையில சொல்லணும்!"

எதிர் வீட்டில் முறங்கள் நின்றன.

அவர் முதலில் சிரித்தார். நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "குடிச்சாதானேம்மா விடறதுக்கு?" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பும் மெல்ல மெல்ல வற்றியது. "யாரு சொன்னா நான் குடிக்கறேன்னு?"

அலமாரியை நோக்கி என் கண் போனது. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பதினான்காம் பக்கத்தைத் தானே பிரித்து என் கையில் கொடுத்தார். "படிங்கம்மா" என்றார்.

அன்றைக்கு நேரமில்லை என்று தாண்டிய கட்டத்தை, அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி அவர் வலது காதில் கத்திப் படித்தேன். குடிக்கு அடிமையான கணவர் என்றேன். கேட்டது என்று தலையாட்டினார். அடியும் உதையும் அன்றாடம் என்றேன். அதற்கும் தலையாட்டினார். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். தெருமுனையில் சாவி அக்கா சாவியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டார். "வந்தவங்ககிட்ட எல்லாம் நீ இதைத்தான் சொன்னியா?"

அக்கா கிட்டே வந்தார். அவர் காதருகே போய், "மெதுவாத்தான் சொன்னேன்" என்றார். "உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு மெதுவாத்தான் சொன்னேன்."

அவர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார்.

"நான் வேற நினைச்சேன்" என்றார். "நீ கடைசி வீட்டுக் குடத்தைப் பத்திச் சொல்றேன்னு நினைச்சேன். அதான் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அக்கா சாவியைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். "நீங்கதானே ரெண்டு மாசம் வச்சிருந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்குங்க. நாளைக்கு என்னால தெருவுல தலைகாட்ட முடியாது" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை அந்தச் சாவியோடு நான் போய் நின்றேன். முதல் தடவையாக அதைத் தோளில் போட்டு நடந்தேன், தோள் இற்றுப்போனது. வால்வைத் திறக்க எனக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா எங்கே என்று கேட்காத ஆள் இல்லை. மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் போய் நின்று, அங்கே வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அவர் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை, நான் எழுதியது பொய், அக்காவைச் சொல்ல வைத்ததும் நான்தான் என்று. ஒரு பெண் குடத்தை நகர்த்திக்கொண்டே, "எங்களுக்கு எதுக்கு மேடம் சொல்றீங்க? எங்களுக்குத் தெரியாததா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். மேலாளர் கதவைச் சாத்தினார். ஆயிரம் பிரதி வெளியே போயாகிவிட்டது, இப்போது போய் இதைக் கிளறுவானேன் என்றார். புத்தகம் அனுப்பிய இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டுபோய், பதினான்காம் பக்கம் பொய், எழுதியவள் நான் என்று ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்திலேயே கடிதம் எழுதிப் போட்டேன். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. புத்தகம் எழுதுகிற வேலை கையை விட்டுப் போனது. அது போனது நல்லது. குழு விடாமல் நின்றதால் மோட்டார் அறை அவருக்குக் கிடைத்தது. மேடை இல்லாமல், ஒரு சாதாரணக் கடிதத்தில்.

சாவியை ஒன்பதாம் நாள் அக்கா வந்து வாங்கிக்கொண்டார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. சாவியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது குழு வந்தது. கூட்டிக்கொண்டு போக வேறு யாரும் இல்லாததால் நானே போனேன். அவர் மோட்டார் அறையிலிருந்து வந்து நாற்காலிகளைப் போட்டார். போட்டுவிட்டு உள்ளே போகத் திரும்பினார். அக்கா அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் வார்த்தையாக, "நீங்க அவரு வலது பக்கம் உக்காருங்க. நான் சொல்றதையெல்லாம் அவருக்குக் கேக்கற மாதிரி திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அக்கா கடைசி வீட்டுக் குடத்தைப் பற்றிச் சொன்னார். கத்தினேன். குழாயில் கை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்தவரைப் பற்றிச் சொன்னார். அதையும் கத்தினேன். அவர் தலையாட்டினார்.

வந்தவர்களில் ஒருவர், "இவ்வளவுக்கும் நடுவில் உங்களுக்கு என்ன தடை இருந்தது?" என்று கேட்டார்.

அக்கா நிதானமாகச் சொன்னார். "பெரிய தடையெல்லாம் இல்லைங்க. எனக்கு எழுதத் தெரியாது, நான் லாயக்கில்லைன்னு சொல்லி, சாவியை ரெண்டு மாசம் குடுக்காம வச்சிருந்தாங்க ஒரு மேடம். கேக்கப் போன இவரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிட்டாங்க. இதோ, இவரு பக்கத்துல உக்காந்திருக்காங்களே, இவங்கதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் காதருகே குனிந்து, ஒரு சொல் விடாமல் அதைக் கத்திச் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேக்கலம்மா" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை சொன்னேன்.